சர்க்கரையும் சட்டமும்: ஒரு வாதத்தை எடைபோடுதல்

ஒரு முடிவு நமக்கு உகந்ததாக அமைந்துவிட்டால், அம்முடிவுக்கு நம்மை அழைத்துவந்த வழி செம்மையானதா என்று நாம் ஆராய்வதில்லை. ஊர் சேர்ந்துவிட்ட பயணி வந்த பாதையின் மேடுபள்ளங்களை மறப்பதுபோல, முடிவில் மனம் நிறைந்தவர் காரணங்களின் குறைகளை மறந்துவிடுகிறார். சர்க்கரையைப் பற்றி இக்காலத்தில் எழுதப்படும் எழுத்துகளை நாம் படிக்கும் முறையும் இத்தகையதே. 'சர்க்கரை மிகுந்தால் கேடு' என்று யாரேனும் எழுதினால் மறுத்துரைப்பார் இல்லை. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்றும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயின் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் கணக்கிட்டது. இந்நிலையில் சர்க்கரைக்கு எதிராக எழும் எந்தக் குரலும் நமக்கு நல்ல குரலாகவே கேட்கின்றது.

ஆனால் 'கேடு' என்பது ஒன்று. 'ஆதலால் அரசு சட்டத்தால் தடுக்க வேண்டும்' என்பது மற்றொன்று. முன்னது மருத்துவர் கூற்று. பின்னது அறநூலாரும் அரசியலாரும் ஆராய வேண்டிய கூற்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் பாலம் எதனால் கட்டப்பட்டது, அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டாக, இத்துறையில் உலகெங்கும் பேசப்பட்ட ஓர் எழுத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

நான்கு அளவுகோல்கள்

2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த இராபர்ட் லஸ்டிக், லாரா ஷ்மிட், கிளேர் பிரிண்டிஸ் ஆகிய மூவரும் ஒரு கருத்துக் கட்டுரை எழுதினர். சர்க்கரையைப் பற்றிய நச்சு உண்மை என்பது அதன் தலைப்பு. அது ஆய்வறிக்கை அன்று. பொதுவாசகரும் படித்து விளங்கிக்கொள்ளும் நடையில் எழுதப்பட்டது. ஆதலின் நாளிதழ்கள் அதனை உடனே எடுத்தாண்டன. உலகின் பல பகுதிகளில் அது விவாதப் பொருளாயிற்று.

அதன் வாதத்தின் எலும்புக்கூடு இதுவாகும். தாமஸ் பேபரும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டில், மதுவை அரசு ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கு நான்கு அளவுகோல்களை வகுத்திருந்தனர். சமுதாயத்தில் அப்பொருள் தவிர்க்கவியலாதபடி எங்கும் பரவியிருத்தல், நச்சுத்தன்மை, அளவிறந்து பயன்படுத்தத் தூண்டும் இயல்பு, சமுதாயத்திற்கு விளையும் தீங்கு ஆகியன அவை. இந்நான்கும் சர்க்கரைக்கும் பொருந்தும். ஆதலின் மதுவைப்போலவே சர்க்கரையையும் அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்பது மூவரின் துணிபு. வரி விதித்தல், பள்ளிகளின் அருகே விற்பனையை வரையறுத்தல், இனிப்புப் பானங்களை வாங்குவோர்க்கு 17 போன்றதொரு வயது வரம்பு வைத்தல் முதலியன அவர்கள் முன்வைத்த வழிகள்.

வாதம் எளியது, கேட்பதற்குக் கவர்ச்சியானது. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பதநீரும் கள்ளும்

இவ்வாதம் முழுவதும் ஓர் ஒப்புமையின்மேல் நிற்கின்றது. ஒப்புமை வாதம் வலிமை பெறுவது, இரு பொருள்களும் ஒத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கையால் அன்று. எந்தக் காரணத்தால் முதற்பொருளுக்கு அவ்விதி ஏற்பட்டதோ, அந்தக் காரணத்தில் இரண்டும் ஒத்திருப்பதால்.

பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸ் ஈரலைத் தாக்கும் முறை மது தாக்கும் முறையை ஒத்தது என்று கட்டுரையாளர்கள் கூறுகின்றனர். அன்றாடச் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்பதும், ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலிலேயே செரிமாற்றம் அடைகிறது என்பதும் உண்மையே. இதுவரை அவர்கள் கூற்று ஆராயத்தக்க அறிவியல். ஆனால் அதனோடு நில்லாமல், மதுவே சர்க்கரை நொதித்துப் பிறப்பதுதானே, ஆதலின் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை என்றும் சொல்லிச் செல்கின்றனர். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்.

பனைமரத்தின் பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றே. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் அது பதநீர். தடவாத கலயத்தில் புளிக்கவிட்டால் அது கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை உண்டு. பதநீருக்கு அத்தடை இல்லை. பிறப்பு ஒன்றாயிருப்பதால் பண்பும் ஒன்றாகும் என்பது உண்மையானால், இவ்வேறுபாட்டிற்குப் பொருளே இல்லாமற் போகும். ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பதன்று, அது என்ன செய்கிறது என்பதே சட்டத்தின் கேள்வி. தாயைக் காட்டி மகளைக் குற்றம்சாட்டும் இவ்வகைச் சொல், வாசகரின் மனத்தில் ஒரு நிழலை வீழ்த்துகிறதேயன்றி, ஓர் உண்மையை நிறுவவில்லை.

மதுவுக்கு விதி ஏற்பட்ட காரணம்தான் யாது? குடிப்பவன் தன் ஈரலைக் கெடுத்துக்கொள்கிறான் என்பது மட்டுமன்று. அவன் அறிவு மயங்குகிறது. மயங்கிய நிலையில் வண்டி ஓட்டிப் பிறர் உயிரைப் பறிக்கிறான். மனைவி மக்களை அடிக்கிறான். அதாவது, குடியாதவனும் குடியால் துன்புறுகிறான். சர்க்கரை மிகுதியாக உண்டவன் அண்டை வீட்டானைத் தாக்குவதில்லை. கட்டுரையாளர்கள் இவ்விடைவெளியை உணர்ந்தே, நான்காவது அளவுகோலை மருத்துவச் செலவாலும் உழைப்புத்திறன் இழப்பாலும் நிரப்புகின்றனர். செலவும் தீங்குதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறர் உடலுக்கு விளையும் தீங்கும், பொதுப் பணப்பைக்கு விளையும் தீங்கும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையா? பணப்பைக் கணக்கை மட்டும் கொண்டால், மலையேறுபவர், நெடுநேரம் அமர்ந்து படிப்பவர், காலம் தாழ்த்தி மகப்பேறு அடைபவர் ஆகிய எல்லோரையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவரலாம். மிகுதியான பொருள்களை அனுமதிக்கும் சல்லடை, சல்லடையாகப் பயன்படாது.

வள்ளுவப் பெருந்தகையின் அதிகார வைப்பு முறை இவ்விடத்தில் நம் சிந்தனைக்கு உரியது. பொருட்பாலில் கள்ளுண்ணாமை, சூது, மருந்து என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கள்ளை உண்பாரை நஞ்சு உண்பாராகவே காட்டுகிறார். அதனை விலக்கு என்கிறார். உணவைப் பற்றிப் பேச வரும்போதோ மருந்து அதிகாரத்தில் வைத்து, முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுக என்கிறார். மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய் செய்யும் என்கிறார். ஒன்றற்கு விலக்கு, மற்றொன்றற்கு அளவு. இரண்டு வேறு மொழிகள்; இரண்டு வேறு அறங்கள். உணவைப் பற்றிய பேச்சில் விலக்கின் மொழியைக் கையாள்வது எவ்வளவு பொருந்தும் என்று வினவுவதற்கு நமக்கு இவ்வைப்பு முறை துணை நிற்கின்றது.

நஞ்சு என்னும் சொல்

இனி, 'நஞ்சு' என்னும் சொல்லை நோக்குவோம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் ஐரோப்பிய மருத்துவர், எப்பொருளும் நஞ்சாகலாம், அளவே அதனைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தை விட்டுச் சென்றார். சிறிதளவு சர்க்கரையால் தீங்கில்லை, பேரளவே மெல்லக் கொல்லும் என்று கட்டுரையாளர்களும் ஒப்புகின்றனர். அவ்வாறாயின் அவர்கள் கூற்று உப்புக்கும் பொருந்தும், நெய்க்கும் பொருந்தும். தலைப்பில் நஞ்சு என்று முழங்கிவிட்டு, உள்ளே அளவைப் பொறுத்தது என்று தணிந்து கூறுவது, கடைவாயிலில் ஒரு விலையும் உள்ளே ஒரு விலையும் சொல்வதை ஒக்கும்.

அளவே முதன்மை என்றால், அளவைச் சொல்லும் எழுத்தே நேர்மையான எழுத்து. உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அப்பணியைச் செய்தது. நாள்தோறும் உடல் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவே சர்க்கரையிலிருந்து வரவேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழ் குறைத்தால் மேலும் நன்று என்றது. 2000 கலோரி உண்பவர்க்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 300 மில்லிலிட்டர் அருந்தினால், ஒரே மூச்சில் 30 கிராம் உடலுள் சென்றுவிடுகிறது. இந்த எளிய கணக்கு, நஞ்சு என்னும் முழக்கத்தைவிட மனத்தில் ஆழப் பதிகின்றது.

அந்நிறுவனத்தின் கணக்கில் ஆலைச் சர்க்கரை மட்டுமன்றி, நாம் சேர்க்கும் எல்லா இனிப்பும் தேனும் பழச்சாறும் அடங்கும். வெல்லமும் அதற்கு விலக்கன்று. 'நாங்கள் சர்க்கரையே தொடுவதில்லை, வெல்லம்தான்' என்று அமைதி கொள்ளும் இல்லங்களுக்கு இது சற்றுக் கசப்பான செய்தியே.

எண்களின் பேச்சு

அக்கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு பேரெண்கள் வருகின்றன. தொற்றாத நோய்களால் ஆண்டுதோறும் 3.5 கோடிப் பேர் இறக்கின்றனர் என்பது ஒன்று. 50 ஆண்டுகளில் உலகச் சர்க்கரை நுகர்வு மும்மடங்காகியது என்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், தம்மை அறியாமலே இரண்டாவதை முதலாவதற்குக் காரணமாக்கிவிடுகிறார்.

ஆனால் அந்த 3.5 கோடிக்குள் புகையிலையால் வந்த புற்றுநோய் உண்டு, மதுவால் கெட்ட ஈரல் உண்டு, நெஞ்சடைப்பு உண்டு, முதுமையோடு வரும் பிணிகளும் உண்டு. சர்க்கரையின் பங்கு எத்துணை என்பதை அந்த எண் சொல்லவில்லை. அவ்வாறே, மும்மடங்கு என்பது உலகின் மொத்த நுகர்வைக் குறிக்குமாயின், அதே காலத்தில் உலக மக்கள்தொகை 1960இல் இருந்த 300 கோடியிலிருந்து 2011இல் 700 கோடியாகப் பெருகியதை நினைவிற்கொள்ள வேண்டும். உண்ணும் வாய்களே இருமடங்குக்கு மேலாயின. அப்பெருக்கத்தைக் கழித்துப் பார்த்தால், ஆளுக்கு ஏறிய அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று கணக்கு வருகிறது. மும்மடங்கு என்னும் சொல் எழுப்பிய அச்சத்தில் பெரும்பகுதி, மக்கள்தொகைப் பெருக்கம் தந்த அச்சமாகும்.

மூளையில் சர்க்கரை எழுப்பும் இன்ப உணர்வைக் காட்டி, அது மதுவையும் புகையிலையையும் போல மனிதரைப் பிணிக்கிறது என்பது மற்றொரு சான்று. நல்ல இசையைக் கேட்கும்போதும் மூளையின் அதே இன்பப் பாதைகள் கிளர்ச்சியுறுகின்றன. இன்பம் தருவதெல்லாம் அடிமைப்படுத்துவது ஆகாது. கைவிட்டால் உடல் நடுங்குவதும், வாழ்வின் பிற கடமைகளை விழுங்கிவிடுவதுமான பிணிப்பு வேறு. பண்டம் கண்ட இடத்தில் கை நீளும் பழக்கம் வேறு.

மறைக்கப்பட்ட மறுபக்கம்

இவ்வளவும் கூறியதால், நாம் சர்க்கரை ஆலைகளின் வழக்கறிஞராகிவிட்டோம் என்று எவரும் எண்ணற்க. ஒரு வாதம் தளர்வானது என்பதால் அதன் எதிர்வாதம் வலிமையானது ஆகிவிடாது. 'உண்பதும் உண்ணாததும் அவரவர் உரிமை. அரசுக்கு இங்கே என்ன வேலை?' என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான குரல். அக்குரலையும் இதே உரைகல்லில் உரைப்போம்.

உரிமை என்பது அறிந்து தேர்வதில் இருக்கிறது. அறிவை மறைத்துவிட்டுத் தேர்வைப் புகழ்வது ஏமாற்று. 2016ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, பழைய ஆவணங்களைத் துருவி ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் சிலருக்கு ஏறத்தாழ 6500 டாலர் கொடுத்து ஓர் ஆய்வுரை எழுதச் செய்தது. இதயநோய்க்குக் கொழுப்பே முதன்மைக் காரணம், சர்க்கரையன்று என்னும் போக்கில் அமைந்த அவ்வுரை 1967இல் புகழ்மிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. பணம் வந்த வழி அதில் சொல்லப்படவில்லை. 1972இல் பிரிட்டன் அறிஞர் ஜான் யுட்கின் சர்க்கரையின் கேட்டைப் பற்றி நூல் எழுதியபோது அவரைச் செவிமடுத்தோர் சிலரே. ஒருபுறம் அறிவைத் திரித்துவிட்டு, மறுபுறம் 'மக்கள் தாமே தேர்ந்தெடுக்கட்டும்' என்பது நியாயமாகுமா?

தனிமனித உரிமைக்கு அரணாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் எழுதிய 'சுதந்திரம்' பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரைத் தடுக்கலாகாது என்றார். ஆனால் அதே நூலில் அவர் இட்ட எல்லைக்கோடுகளைப் பலரும் படிப்பதில்லை. முதிர்ச்சி அடையாத சிறாருக்கு இவ்விதி பொருந்தாது என்றார். நச்சுத்தன்மையுள்ள மருந்தின் மேல் அதன் தன்மையை எழுதி ஒட்டச் செய்வது உரிமையைப் பறிப்பதாகாது என்றார். வாங்குவதைக் கடினமாக்குவதற்கென்றே வரி விதிப்பது தடையின் மற்றொரு வடிவமே என்று கண்டித்தார். ஆயினும் அரசுக்கு எவ்வாறேனும் வருவாய் வேண்டுமாதலின், மக்கள் எளிதில் கைவிடக்கூடிய பொருள்களின்மேல் வரி விதிப்பது தகும் என்றும் ஒப்பினார். ஆக, உரிமையின் மிகப்பெரும் காவலரே சிறாரையும் பெயர்ச்சீட்டையும் வரியையும் தனித்தனியே எடைபோட்டார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. மூவர் கட்டுரையின் பெருங்குறை இதுவே: வரியும் வயது வரம்பும் விற்பனைக் கட்டுப்பாடும் ஒரே காரணத்தால் நியாயம் பெற்றுவிடும் என்பதுபோல அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது.

'அரசுக்கு இங்கே என்ன வேலை' என்பதற்கும் ஒரு விடை உண்டு. அரசு சர்க்கரைப் பானைக்குள் என்றோ கையை வைத்துவிட்டது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டமும், 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையும் கரும்பு விலையிலிருந்து ஆலையின் கடமைகள்வரை வரையறுத்துள்ளன. நியாயவிலைக் கடையில் சர்க்கரை மானிய விலையில் கிடைத்தால் அதனை நலத்திட்டம் என்கிறோம். ஒரு காலத்தில் சர்க்கரையை மலிவாக்குவதே ஏழைக்குச் செய்யும் அறமாகக் கருதப்பட்டது. பிரிட்டன் 1874இல் சர்க்கரை வரியை நீக்கியது. 2018இல் இனிப்புப் பானங்களின்மேல் தீர்வை விதித்தது. இரண்டுமே மக்கள் நலத்தின் பெயரால் நிகழ்ந்தவை. பசித்த நாட்டின் அறமும் பெருத்த நாட்டின் அறமும் வெவ்வேறு வடிவம் கொள்கின்றன. நம் நாட்டிலோ இரு நாடுகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

பட்டறிவு சொன்ன தீர்ப்பு

ஒரு பொருள் தீங்கானது என்று நிறுவுவது வேறு. நாம் கூறும் மருந்து அத்தீங்கைத் தீர்க்கும் என்று நிறுவுவது வேறு. 2012இல் எழுதிய மூவரும் முன்னதற்கே பெரும்பாலான சொற்களைச் செலவிட்டனர். பின்னதற்கு மது, புகையிலை ஆகியவற்றின் அனுபவத்தையே துணைக்கழைத்தனர். குறிப்பிடத்தக்க மாற்றம் வேண்டுமெனில் பானத்தின் விலை இருமடங்காக வேண்டும் என்னும் கணிப்பையும் எடுத்துரைத்தனர்.

அதன்பின் நடந்தவற்றை நாம் அறிவோம். மெக்சிகோ நாடு 2014ஆம் ஆண்டு முதல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கூடியது. எனினும் அவ்வரிக்குட்பட்ட பானங்களை வாங்குவது முதல் ஆண்டில் 5 விழுக்காட்டுக்கும் சற்று மேலாகவும், இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காட்டை நெருங்கியும் குறைந்தது என ஆய்வாளர்கள் கணித்தனர். பிரிட்டன் மற்றொரு வழியை மேற்கொண்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் தீர்வை இல்லை; 5 கிராம் முதல் ஒரு விகிதம்; 8 கிராம் முதல் அதனினும் கூடிய விகிதம். 2016இல் அறிவிப்பு, 2018 ஏப்ரலில் நடைமுறை. இடைப்பட்ட ஈராண்டுகளில் உற்பத்தியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் பானங்களில் சர்க்கரையைத் தாமாகவே குறைத்துக்கொண்டனர். எதிர்பார்த்த வருவாய் அரசுக்குக் கிட்டவில்லை. ஆனால் அவ்வரி வெற்றி பெற்றதற்கு அதுவே அடையாளம்.

திருத்துவதற்கான வரிக்கும், ஈட்டுவதற்கான வரிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது, தான் தேய்வதில் மகிழ வேண்டும். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்த வரலாறு தமிழர் அறிந்ததே. தீமையிலிருந்து வரும் வருவாயை விட்டொழிக்கத் துணிந்தாலன்றித் தீமையை ஒழிக்க இயலாது என்பதே அதன் உட்பொருள். நம் நாட்டில் குளிர்பானங்களின்மேல் 2017 முதல் 28 விழுக்காட்டு வரியும் 12 விழுக்காட்டு ஈட்டுத் தீர்வையும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காட்டு வரியாகியது. வரி விகிதம் மிகுதியானதே. ஆனால் அவ்வரி பானத்தில் உள்ள சர்க்கரையின் கிராம் கணக்கைக் கேட்பதில்லை. சர்க்கரையைக் குறைத்த உற்பத்தியாளருக்கும் குறைக்காதவருக்கும் ஒரே விகிதம். கணக்கு ஏட்டுக்கு நன்மை செய்யும் வரி, கணையத்துக்கும் நன்மை செய்யும் என்று உறுதி கூறல் அரிது.

ஆக, கட்டுரையாளர்கள் கண்ட திசை பெரும்பாலும் சரியே என்று பின்வந்த பட்டறிவு காட்டியது. ஆனால் அதைச் சரி என்று காட்டியது அவர்கள் கூறிய நஞ்சுவாதமோ மது ஒப்புமையோ அன்று. பொறுமையாக எடுக்கப்பட்ட கணக்குகளே. இனிப்புப் பான வரியால் நீரிழிவே குறைந்தது என்று சொல்வதற்கோ, மேலும் பல்லாண்டுகளின் கணக்கு வேண்டும்.

நாம் ஏற்கத்தக்க வாதம்

அவ்வாறாயின் இப்பொருளில் செம்மையான வாதம் எவ்வாறு அமையும்? நம் நோக்கில் அது ஓர் ஏணிபோல அமைய வேண்டும். மேலே ஏற ஏற, காட்ட வேண்டிய சான்றின் எடையும் ஏற வேண்டும்.

முதற்படி அறிவித்தல். உறையின்மேல் சர்க்கரையின் அளவைப் பெரிய எழுத்தில் பொறிக்கச் சொல்வதற்குச் சர்க்கரை நஞ்சு என்று நிறுவ வேண்டியதில்லை; வாங்குபவர்க்கு அறியும் உரிமை உண்டு என்பதே போதும். 2025இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் பள்ளிகளில் சர்க்கரையின் அளவை விளக்கும் பலகைகளை வைக்கச் சொன்னது இப்படியில் வைத்த ஓர் அடியாகும். இரண்டாம் படி சிறாரைக் காத்தல். பள்ளி வளாகத்தில் விற்பனையையும் சிறாரை நோக்கிய விளம்பரத்தையும் தடுப்பதற்கு, சிறார் இன்னும் தேரும் பக்குவம் அடையவில்லை என்பதே காரணமாகும். மூன்றாம் படி, சர்க்கரையின் அளவுக்கேற்ப உற்பத்தியாளரைத் தொடும் வரி. இதற்கு, அவ்வரி பயன் தரும் என்னும் சான்று வேண்டும். ஏழையின் சுமையை அது எவ்வளவு கூட்டும் என்னும் கணக்கும் வேண்டும். ஏழைக்கே வரி மிகுதியாகச் சுடும் என்பது உண்மை. நோயும் அதற்குரிய மருத்துவச் செலவும் அவனையே மிகுதியாகச் சுடுகின்றன என்பதும் உண்மை. நான்காம் படி, வளர்ந்தோர் வாங்குவதையே தடுத்தல். இதற்கு வேண்டிய சான்று மிகப்பெரிது. இன்றுவரை எவரும் அதனைக் காட்டவில்லை.

இவ்வேணியில் முதல் மூன்று படிகளை ஏறுவதற்கு நஞ்சு என்னும் முழக்கம் தேவையில்லை. கள்ளோடு ஒப்பிடல் தேவையில்லை. அடிமைத்தனம் என்னும் அச்சுறுத்தலும் தேவையில்லை. மிகை கூறாமலே கூறத்தக்க உண்மை போதுமானதாக இருக்கையில் மிகை கூறுவது, உண்மைக்கு நாமே செய்யும் இழிவாகும்.

மிகை கூறினால் என்ன? நல்ல நோக்கம்தானே என்று சிலர் கேட்பர். இரண்டு தீங்குகள் உள. முதலாவது, பொய்க்கால் ஒடியும் நாளில் அதன்மேல் நின்ற நல்ல சட்டமும் சரிந்து விழும். மும்மடங்கு என்பதன் மெய்யான அளவை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் நாளில், மக்கள் பானவரியையும் சேர்த்தே நகையாடுவர். இரண்டாவது, இன்று நமக்கு உகந்த முடிவுக்காக நாம் ஏற்றுக்கொண்ட தளர்ந்த வாதம், நாளை நமக்கு உகவாத முடிவுக்கும் பயன்படும். எவர் தட்டில் என்ன இருக்கலாம் என்று ஆள்வோர் தீர்மானிக்கும் வழக்கம், 'உங்கள் நன்மைக்கே' என்னும் சொல்லோடுதான் எப்போதும் தொடங்குகின்றது. தாய்மண்ணை விட்டு வேற்று மொழியாரிடையே வாழ்ந்து, உணவால் அடையாளம் காணப்படும் நம் போன்றோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இனிப்பு நமக்கு வேதிப்பொருள் மட்டுமன்று. பிள்ளை பிறந்தால் சர்க்கரை வழங்குகிறோம். தை பிறந்தால் பொங்கலில் வெல்லம் சேர்க்கிறோம். பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ புதிதாகக் குடிவந்த அண்டை வீட்டார் நம் மொழி அறியாவிடினும், ஒரு தட்டு இனிப்பால் உறவு தொடங்குகிறது. ஆண்டில் சில நாள் பகிர்ந்துண்ணும் அந்த இனிப்பையும், நாள்தோறும் தனியே குடித்து எறியும் புட்டி இனிப்பையும் வேறு பிரித்துக் காணாத வாதம் மனிதரை அறியாத வாதம். அவ்வேறுபாட்டைச் சாக்காக்கி நாள்தோறும் பண்டிகை கொண்டாடுவதும் நம்மை நாமே ஏய்த்துக்கொள்வதாகும்.

பிள்ளைகள் இனி எண்ணிறந்த எச்சரிக்கைகளைப் படிக்கப் போகின்றனர். ஒவ்வொன்றும் ஒரு பேரெண்ணோடும் ஓர் அச்சுறுத்தும் சொல்லோடும் வரும். அவற்றுள் பல நன்மையை நாடியே எழுதப்பட்டவையாகவும் இருக்கும். அவற்றை அவர்கள் கண்மூடி ஏற்பதையோ, சலித்துப்போய்த் தள்ளுவதையோ நாம் விரும்பலாகாது. இந்த எண் எதை எண்ணியது, இந்த ஒப்புமை எதில் ஒத்தது, இந்த மருந்து இந்த நோய்க்குத்தானா என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டுவோம். தட்டில் எவ்வளவு இனிப்பு இருக்கலாம் என்பதையும் அவர்கள் அப்போது தாமே அளந்துகொள்வர் என்பது நம் நம்பிக்கை.